எளிதில் செரிக்கும் உணவு

நம் வீடுகளில் ஒருவர் உடல்நலம் குன்றிப் படுத்துவிட்டால், பெரியவர்கள் முதலில் சொல்லும் சொல், “எளிதில் செரிக்கிறதாகப் பார்த்துக் கொடுங்கள்” என்பதே. இட்டிலி, இடியாப்பம், அரிசிக் கஞ்சி, பாலில் தோய்த்த ரொட்டி ஆகியவை அந்த வரிசையில் வரும். காய்ச்சலில் கிடப்பவருக்கு அது நல்ல அறிவுரை. அதையே நீரிழிவு உடையவருக்கும் நல்ல அறிவுரை என்று நம்பி நானும் என் குடும்பத்தாரும் செய்த பிழையையும், அப்பிழையை ஒரு சாதாரணக் கணக்கேடு எனக்கு உணர்த்திய விதத்தையும் இம்மலரின் வாயிலாக நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகிறேன். நான் மருத்துவன் அல்லன்; ஐதராபாத்தில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலங்கழித்து வரும் எழுத்தர். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் வரவையும் செலவையும் இரு பத்திகளில் எழுதி, இரண்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று பார்ப்பது என் தொழில். அந்தப் பழக்கமே எனக்கு உதவியது.

2022ஆம் ஆண்டு, என் நாற்பத்து நான்காம் வயதில், வழக்கமான இரத்தச் சோதனை ஒன்று செய்துகொண்டேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 118 என்று வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.ஒன்.சி. என்னும் சோதனையில் 6.2 விழுக்காடு. வெறும் வயிற்றில் 100க்குக் கீழும், சராசரி 5.7க்குக் கீழும் இருப்பதே நலம், 126ஐயும் 6.5ஐயும் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தேன். மருத்துவ நிலையத்து அம்மையார், “இது எல்லைக்கோடு. சோற்றைக் குறையுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினார். வெளியே நின்ற வரிசை நீளமானது. நானும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் செய்தி பரவியது. விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த மூத்த நண்பர் ஒருவர் என் மேசையருகே வந்து, “நீங்கள் தமிழர்கள் காலையிலும் அரிசி, பகலிலும் அரிசி, இரவிலும் அரிசி. அந்த இட்டிலியை விட்டுவிடுங்கள். கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிடுங்கள். எண்ணெய் இல்லை, கொழுப்பு இல்லை, வயிற்றுக்கு எளிது” என்றார். அன்று மாலையே மக்காச்சோள அவல் நிரம்பிய பெரிய பெட்டி ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் ஏறியது. எந்த நிறுவனத்தின் பெட்டி என்பது இங்கே பொருளன்று. எல்லாப் பெட்டிகளும் ஏறத்தாழ ஒன்றே.

என் மனைவிக்கு அதில் முழு மனம் இல்லை. “என்னங்க, இது நொறுக்குத்தீனி மாதிரி இருக்கிறதே, பசி தாங்குமா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். காலையில் பிள்ளைகள் சாம்பாரில் இட்டிலியைத் தோய்த்து உண்ணும்போது, நான் மட்டும் கிண்ணத்தில் சூடான பாலை ஊற்றி, அவலைத் தூவி, கரண்டியால் எடுத்து உண்பேன். பெரிய தியாகம் செய்வதாக ஒரு நினைப்பு. உண்மையில் அது எனக்கு இனிப்பாகவும் இருந்தது. பதினொரு மணிக்கெல்லாம் கடும்பசி எடுக்கும். சிற்றுண்டிச் சாலையில் இரண்டு பிஸ்கட்டும் ஒரு தேநீரும் அதைத் தணிக்கும். இவ்வாறு மூன்று மாதங்கள் கழிந்தன.

மூன்று மாதங்களுக்குப் பின் செய்த சோதனையில் சராசரி 6.6 என்று வந்தது. எல்லைக்கோட்டை நான் தாண்டிவிட்டேன். அதே மருத்துவ அம்மையார் இம்முறை, “காலையில் என்ன உண்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் சற்றுப் பெருமையோடு சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “சர்க்கரையைக் குறைக்க வேண்டியவர் சர்க்கரையாக விரைவில் மாறக்கூடிய ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள்” என்றார். மாத்திரை ஒன்று எழுதினார். வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, உண்பதற்கு முன்னும், உண்டு ஒரு மணி, இரண்டு மணி கழித்தும் பார்த்து எழுதி வரச் சொன்னார். “உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்வதைவிட எண்கள் சொல்வது நன்றாகப் புரியும்” என்று அவர் சொன்னதை மறுக்க இயலவில்லை.

அன்று மாலை நீள அட்டைக் கணக்கேடு ஒன்று வாங்கினேன். நாள், உணவு, அளவு, முன், ஒரு மணி, இரண்டு மணி என்று ஆறு பத்திகள் போட்டேன். ஒவ்வோர் உணவையும் மூன்று நாள் உண்டு பார்ப்பது என்று விதி வகுத்துக்கொண்டேன். ஏனெனில் ஒரே உணவே ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் பத்துப் பதினைந்து எண்கள் வேறுபடுவதை முதல் வாரத்திலேயே கண்டேன். உறக்கம் கெட்ட இரவுக்குப் பின் எண் ஏறும். உண்டபின் பேருந்து நிலையம் வரை நடந்தால் இறங்கும். ஆகவே என் எண்கள் என் உடம்புக்கு உரியவை. பிறருக்கு அவை அப்படியே பொருந்தா என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

நாற்பது கிராம் மக்காச்சோள அவல், ஒரு தம்ளர் பால், சர்க்கரை சேர்க்கவில்லை: முன் 121, ஒரு மணியில் 218, இரண்டு மணியில் 171. நான்கு இட்டிலி, தேங்காய்ச் சட்டினி: முன் 119, பின் 209, 176. வெந்நீர் ஊற்றியதும் குழைந்துவிடும் உடனடி ஓட்ஸ்: முன் 120, பின் 201, 150. தட்டையாக்கிய பெரிய ஓட்ஸை அளவு மாறாமல் அடுப்பில் வேகவைத்து உண்டபோது: முன் 117, பின் 168, 141. இந்தக் கடைசி இரண்டு வரிகளை நான் பலமுறை பார்த்தேன். தானியம் ஒன்று, அளவு ஒன்று, உண்டவன் ஒருவன். எண் மட்டும் வேறு. பெட்டியின் மேல் எழுதியிருந்த தானியத்தின் பெயரில் விடை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

பின்னர் இது குறித்துப் படித்தேன். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. வாயிலும் சிறுகுடலிலும் உள்ள நொதிகள் அந்த மாலையை அறுத்து மணிகளாக்க, அவை இரத்தத்தில் சேர்கின்றன. முழுத் தானியத்தில் அம்மாலை தோலுக்குள்ளும் நார்ச் சுவர்களுக்குள்ளும் இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது. நொதி உள்ளே நுழையவே நேரம் ஆகும். தானியத்தைத் தீட்டினால் ஒரு பூட்டுத் திறக்கிறது. அரைத்து நுண்மாவாக்கினால் இன்னொன்று. நீரில் வேகவைத்துக் குழைத்தால் மற்றொன்று. மக்காச்சோள அவலில் இவையெல்லாம் ஆலையிலேயே முடிந்துவிடுகின்றன. உமியும் முளையும் நீக்கிய சோளத்தை வேகவைத்து, உருளையில் தட்டையாக நசுக்கி, பொரிய வறுத்துத் தருகிறார்கள். செரிமானத்தின் பாதி வேலையை ஆலை செய்துவிடுகிறது. மீதி வேலை நம் வயிற்றில் சில நிமிடங்களில் முடிகிறது. நலமுள்ள கணையம் உடனே போதிய இன்சுலினை அனுப்பி அந்த வெள்ளத்தை வடித்துவிடும். தளர்ந்த கணையம் அதைத் தாங்காது. அதிலும் நீரிழிவு உடையவர்களுக்குக் காலை வேளையில் இன்சுலினின் ஆற்றல் குறைந்திருப்பதால், இரவில் தாங்கும் உணவைக் காலையில் தாங்குவதில்லை.

இந்த அவல் பிறந்த கதையும் இங்கே நினைக்கத்தக்கது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் என்னும் ஊரில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற மருத்துவர் ஓர் உடல்நல இல்லம் நடத்தி வந்தார். அங்கே 1894இல் அவரும் அவர் தம்பி வில் கீத் கெல்லாக்கும் ஊறிப்போன கோதுமை மாவை உருளையில் இட்டபோது அது தகடு தகடாக வந்தது. பின்னர் அதே முறையைச் சோளத்தில் செய்தனர். 1906இல் தம்பி தனி நிறுவனமே தொடங்கினார். அந்த இல்லத்து நோயாளிகளுக்கு எளிதில் செரிக்கும் தானிய உணவு வேண்டும் என்பதே அவர்கள் முயற்சியின் நோக்கம். அந்நோக்கம் முழுமையாக நிறைவேறியது என்றே சொல்ல வேண்டும். நம் பாட்டி சொன்னதும், பேட்டில் கிரீக் மருத்துவர் தேடியதும் ஒன்றே. இருவர் மனத்திலும் இருந்த நோயாளி வயிறு பலவீனமானவன். கணையம் பலவீனமானவன் அல்லன்.

உணவுகள் எவ்வளவு விரைவாகச் சர்க்கரையை ஏற்றுகின்றன என்பதை அளக்க ஒரு முறையை 1981இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். அதற்குக் கிளைசீமிக் குறியீடு என்று பெயர். குளுக்கோஸை 100 என்று வைத்துக்கொண்டு, அதே அளவு மாவுச்சத்து உள்ள பிற உணவுகளை அதனோடு ஒப்பிடுவார்கள். 55க்கு மேற்படாதவை தாழ்ந்தவை. 70ம் அதற்கு மேலும் உயர்ந்தவை. 2008இல் வெளியான உலக அட்டவணையின் சராசரிகளில் மக்காச்சோள அவல் 81. அரிசிக் கஞ்சி 78. வெள்ளை ரொட்டி 75. வேகவைத்த வெள்ளை அரிசி 73. அதே அட்டவணையில் தட்டை ஓட்ஸ் கஞ்சி 55, உடனடி ஓட்ஸ் 79. என் கணக்கேட்டின் இரண்டு வரிகளை அந்த அட்டவணையில் கண்டபோது, தணிக்கையில் என் கூட்டல் சரியென்று வந்தது போன்ற நிறைவு ஏற்பட்டது.

ஆனால் அந்த நிறைவு நெடுநாள் நிலைக்கவில்லை.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. எங்கள் அலுவலகச் சிற்றுண்டிச் சாலையிலும் கேழ்வரகு பிஸ்கட்டும் கம்பு லட்டும் வந்தன. நகரத்துப் பூங்காக்களின் வாயில்களில் காலை நடைக்கு வருவோருக்காகப் பாத்திரங்களில் ‘ராகி ஜாவ’ விற்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன். கேழ்வரகு எங்கள் மண்ணின் பயிர். வெளிநாட்டு அவல் என்னை ஏமாற்றியது, இனி என் ஊர்த் தானியம் என்னைக் காக்கும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. நன்றாகச் சலித்த நயம் மாவை வாங்கி வந்து, ஐம்பது கிராம் மாவில் கஞ்சி காய்ச்சி, உப்பும் சிறிது மோரும் சேர்த்துக் குடித்தேன். வெல்லம் கூடச் சேர்க்கவில்லை. முன் 118. ஒரு மணி கழித்து 207.

கருவி பழுதோ என்று மீண்டும் விரலைக் குத்திக்கொண்டேன். 204. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஏறத்தாழ அதுவே. மூன்றாம் நாள் அந்த எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து, “ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அப்போது என் தந்தையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தந்தைக்கு 2006இல் நீரிழிவு இருப்பது தெரிந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகவே உட்கொண்டு வந்தார். நான் இங்கிருந்து மாதந்தோறும் பணம் அனுப்புவேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவேன். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஊருக்குப் போவேன். 2010இல் விடுமுறைக்குப் போனபோது, அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கு மாறினால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று எங்கோ படித்ததை நான்தான் அவரிடம் சொன்னேன். ஒரு மூட்டை கேழ்வரகு வாங்கி, ஆலையில் கொடுத்து அரைத்து, சலித்து வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன். அதற்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், “மாத்திரையைவிட இது மேல், அப்பா” என்றும் சொன்னேன். பி.ஏ. படித்து மத்திய அரசில் வேலை பார்க்கும் மகன் சொன்ன சொல். அவர் அதை நம்பினார். காலையில் ஒரு சொம்புக் கஞ்சி, சிறிது வெல்லத்தோடு. சில மாதங்களில் மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். எங்களுக்கு அது தெரியாது. 2013இல் காலில் முள் குத்திய புண் ஆறாமல் ஒரு விரலை எடுக்க நேர்ந்தபோதுதான், சர்க்கரை முந்நூறுக்கு மேல் இருப்பதும் மாத்திரை நின்று இரண்டாண்டு ஆனதும் தெரிந்தன. மறு ஆண்டு அவர் காலமானார்.

கஞ்சி என் தந்தையைக் கொன்றது என்று சொன்னால் அது அறியாமை. கேழ்வரகின் மேல் பழி போடவும் நான் இதை எழுதவில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் பதினொரு கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. தீட்டிய அரிசியின் நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் குறைவு. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தார் தலைமையில், பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியிட்ட கட்டுரையில், சிறுதானியங்களின் சராசரிக் குறியீடு 52.7 என்றும், அவற்றை நாள்தோறும் உண்ட நீரிழிவு நோயாளர்க்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்தது என்றும் கண்டனர். ஆனால் அது சராசரி. அதே தானியத்தை நுண்மாவாக்கி, சலித்து நாரை நீக்கி, நீராகக் காய்ச்சிக் குடித்தால் அது அந்தச் சராசரியில் நிற்பதில்லை. நார்ச்சத்து சல்லடையின் மேல் நின்றுவிடுகிறது. மாவுச்சத்து மட்டும் சொம்பில் இறங்குகிறது. தானியத்தின் பெயரையே மருந்தென்று எண்ணியதும், அந்த எண்ணத்தால் உண்மையான மருந்து நின்றுபோனதுமே எங்கள் வீட்டில் நடந்த பிழை. அதில் என் பங்கு இருக்கிறது.

2024 பொங்கலுக்கு என் தாயார் இங்கே வந்திருந்தார். கணக்கேட்டை அவருக்குப் படித்துக் காட்டி, பத்தாண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஏப்பா, நாங்கள் எப்போது தினமும் கஞ்சி குடித்தோம்? வெயில் காலத்துக்குக் கூழ்; மற்றபடி களிதானே. திருகையில் அரைத்த மாவு, சலித்ததே இல்லை. களிக்கு ஒரு சட்டிக் கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ இருக்கும். தின்றுவிட்டுக் காட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவோம். உங்கப்பா கடைசி நாலு வருசம் திண்ணையைவிட்டு இறங்கினாரா?” என்றார். “நீ சொன்னதால்தான் மாத்திரையை விட்டாரா” என்று நான் கேட்காததற்கும் அவர் விடை சொன்னார்: “உன் பேச்சைக் கேட்டுத்தான் விட்டார். ஆனால் விட்டதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னையும் தடுத்தார். நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.” எங்கள் இருவருக்கும் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் அவரே களி கிண்டினார். அதே ஐம்பது கிராம், சலிக்காத மாவு, நிறையக் கீரைக் கடைசல்: முன் 117, ஒரு மணியில் 174. குறைவென்று சொல்ல முடியாது. ஆயினும் 207 அன்று.

என் அலுவலகப் பேருந்து தார்நாகா வழியாகச் செல்லும். அங்கே உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை இருபது ஆண்டுகள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். அதன் வரலாறு தெரிந்த பின்னர்தான் அது நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது புரிந்தது. 1918இல் நீலகிரியிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் ஒரே அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இதன் இயக்குநராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். நம்மைப் போலவே அந்த நிறுவனமும் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து வேரூன்றியது.

அந்த ஒற்றை அறையில் மெக்காரிசன் ஆராயத் தொடங்கிய நோய் பெரிபெரி. ஆலையில் தீட்டித் தவிடு நீக்கிய பச்சரிசியையே பெரிதும் உண்டவர்களிடம் அந்நோய் கண்டது. தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விட்டதே காரணம். அக்காலச் சென்னை மாகாணத்தின் வட பகுதியான ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அது மிகுதி. புழுங்கலரிசி உண்டவர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நூறாண்டுக்கு முன் தவிட்டை இழந்ததால் வந்த நோய் ஒன்று. இன்று நம்மிடையே பரவியுள்ள நீரிழிவுக்குக் காரணங்கள் பல. தவிடு ஒன்று மட்டும் அன்று. ஆனால் நாவுக்கு மென்மையும் வயிற்றுக்கு எளிமையும் தேடித் தானியத்தை உரித்துக்கொண்டே போகும் பழக்கம் அவற்றுள் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி, எல்லைக்கோட்டில் நிற்போர் 13.6 கோடி. பின்னதில் ஒருவனாக நான் இருந்து முன்னதில் சேர்ந்துவிட்டேன்.

இனி, என் கணக்கேட்டில் தேறியவற்றைச் சொல்கிறேன். நான்கு இட்டிலிக்குப் பதில் இரண்டு இட்டிலி, காய்கறி மிகுந்த சாம்பார், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: ஒரு மணியில் 162. கோதுமை ரவையில் பாதிக்குப் பாதி பீன்ஸும் கேரட்டும் சேர்த்த உப்புமா: 165. எல்லாவற்றினும் தாழ்ந்த எண்ணை எனக்குத் தந்தது, நான் இருபது ஆண்டுகளாக ஆந்திரச் சமையல் என்று ஒதுக்கி வைத்திருந்த பெசரட்டு. முழுப் பச்சைப் பயற்றை ஊறவைத்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தோலோடு கொரகொரப்பாக அரைத்து வார்க்கும் அடை அது. நடுவில் உப்புமா வைக்காமல் இரண்டு உண்டால், ஒரு மணியில் 148. பயற்றில் தானியத்தைவிட மாவுச்சத்து குறைவு. நூறு கிராமுக்கு 22 கிராமுக்கு மேல் புரதமும் 17 கிராம் நார்ச்சத்தும் உண்டு. என் மனைவிக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையார். இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் பெசரட்டு. பதினொரு மணிப் பசி இல்லை, பிஸ்கட்டும் இல்லை.

இவற்றிலிருந்து நான் அறிந்தவை சில. உண்பது எந்த நாட்டுத் தானியம் என்பதைவிட, அது எந்த அளவுக்கு உரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, குழைக்கப்பட்டு நம்மிடம் வருகிறது என்பதே முதன்மை. அதனோடு பருப்பும் காயும் கீரையும் எவ்வளவு சேர்கின்றன என்பது அடுத்தது. இவ்விரண்டையும் சரிசெய்தாலும் அளவு மிஞ்சினால் பயனில்லை. திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்துவிட்டு, அதில் பெரும்பாலும் செரிமானத்தையும் அளவையுமே பேசியிருப்பது ஏன் என்று கல்லூரியில் படித்தபோது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. தார்நாகா நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், ஒரு நாளின் மொத்த ஆற்றலில் தானியங்களும் சிறுதானியங்களும் 45 விழுக்காட்டுக்கு மேல் வேண்டா என்றே சொல்கிறது. சிறுதானியமும் அந்தக் கணக்கில் அடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சென்ற ஆண்டுச் சோதனையில் என் சராசரி 6.1 ஆக இறங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் நாவரை வந்தது. கேட்கவில்லை. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவ அம்மையார் சொல்ல வேண்டியவை. என் கணக்கேடு சொல்ல வேண்டியவை அல்ல.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. நம்மில் பலருடைய பெற்றோர் ஊரில் தனியே இருக்கிறார்கள். நாம் கேட்பதெல்லாம் “சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா” என்பதுதான். அவர்களும் “ஆயிற்று” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, காலையில் என்ன உண்டீர்கள், எவ்வளவு உண்டீர்கள், அதை எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, அதில் இன்னும் எத்தனை மாத்திரை இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். போன வாரம் சொன்ன எண்ணோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். நான்காண்டுக் காலம் ஞாயிறுதோறும் பேசியும் நான் கேட்கத் தவறியது அது.